கேபிளை மாத்தினா பாட்டு மாறுமா?

டி.வி.க்கு ஒரு சவுண்ட்பாரோ, ஹாலுக்கு ஒரு ஹோம் தியேட்டரோ வாங்கப் போகிறீர்கள். மாடலைத் தேர்வு செய்து, விலை பேசி முடித்து, பில் போடும் நேரத்தில் விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்வார்: "சார், பாக்ஸ்ல வர்றது சாதா வயர். நல்ல கேபிள் போட்டாதான் இந்த செட்டோட முழு சவுண்டும் கிடைக்கும்." ஆன்லைனில் வாங்கினாலும் இதே கதைதான். ஸ்பீக்கருக்குக் கீழேயே தங்க முலாம் பூசிய கேபிள் படம் ஒன்று வந்து நிற்கும். விலையைப் பார்த்தால், சில நேரம் ஸ்பீக்கர் விலையில் பாதி இருக்கும்.

வாங்கலாமா, வேண்டாமா? சுருக்கமான பதில் இதுதான்: பொருந்தாத கேபிள் ஒலியைக் கெடுக்கும். ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும், கேபிளால் ஒலிக்குள் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. தேவையான அளவு, சரியான வகை, இறுக்கமான இணைப்பு, இந்த மூன்றும் இருந்தால் அதற்கு மேல் கொடுக்கும் பணம் காதுக்கு வந்து சேராது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்பீக்கர் வயர்: தடிமன்தான் கணக்கு

ஆம்ப்ளிஃபையரில் இருந்து ஸ்பீக்கருக்குப் போவது மின்சாரம். அந்த மின்சாரத்துக்கு வயர் கொஞ்சம் தடை கொடுக்கும். இந்தத் தடையை 'ஓம்' என்ற அளவில் சொல்கிறோம். வயர் மெலிந்தால் தடை கூடும், நீண்டாலும் கூடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் மாதிரிதான். ஒல்லியான, நீளமான ஹோஸில் கடைசியில் தண்ணீர் வேகம் குறையும் இல்லையா?

உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். வயரின் தடை அந்த எண்ணில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம் வரை.

ஆம்ப்ளிஃபையரில் இருந்து ஸ்பீக்கர் 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் 20 மீட்டர் செம்பு வரும். தடை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

• 0.5 சதுர மி.மீ. வயர்: 0.78 ஓம்
• 0.75 சதுர மி.மீ. வயர்: 0.52 ஓம்
• 1 சதுர மி.மீ. வயர்: 0.39 ஓம்
• 1.5 சதுர மி.மீ. வயர்: 0.27 ஓம்
• 2.5 சதுர மி.மீ. வயர்: 0.16 ஓம்

10 மீட்டர் தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 1 சதுர மி.மீ. போதும். 4 ஓம் என்றால் 2.5 எடுக்கணும். தூரம் 5 மீட்டர்தான் என்றால் மேலே உள்ள தடையெல்லாம் பாதியாகிவிடும். அப்போது 4 ஓம் ஸ்பீக்கருக்கும் 1 சதுர மி.மீ. போதும். நம் வீட்டு ஹால்களில் முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு பெரும்பாலும் 3, 4 மீட்டர் வயர்தான் தேவைப்படும். சுவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும் பின்பக்க ஸ்பீக்கர் வயர்தான் நீளமானது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

எலக்ட்ரிக்கல் கடையில் இந்த வயரை 23/76, 40/76 என்றும் சொல்வார்கள். முதல் எண், உள்ளே எத்தனை இழைகள் என்பது. இரண்டாவது எண், ஒரு இழையின் தடிமன். 23/76 என்பது 0.75 சதுர மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 40/76 என்பது 1 சதுர மி.மீ.ஐக் கொஞ்சம் தாண்டும்.

மெலிந்த வயர் போட்டால் என்ன ஆகும்? 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் தூரம் 0.5 வயர் இழுத்தால், ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் 9 சதவீதம் குறையும். சத்தம் லேசாகக் குறையும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஒலிகளுக்கும் ஒரே மாதிரி இருக்காது. பேஸ் ஒலிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என மாறும். அதனால் சில ஒலிகள் அதிகமாகவும் சில குறைவாகவும் இழப்பைச் சந்திக்கும். பாட்டின் சமநிலை மாறும். கேபிளால் ஒலி மாறும் என்று சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இதுதான். இதற்குத் தீர்வு, இன்னும் கொஞ்சம் தடிமனான சாதாரண செம்பு வயர். பிராண்ட் கேபிள்தான் வேண்டும் என்பதில்லை.

செம்பா, செம்பு பூசிய அலுமினியமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சந்தையில் 'சி.சி.ஏ.' என்ற வகை வயர் உண்டு. உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. பார்க்க அசல் செம்பு மாதிரியே இருக்கும். ஆனால் அதே தடிமனில் இதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதாவது 1.5 என்று வாங்கும் சி.சி.ஏ. வயர், 1 சதுர மி.மீ. செம்பு வயரின் வேலையைத்தான் செய்யும்.

சி.சி.ஏ. விற்பது தவறில்லை. விலை குறைவு என்று தெரிந்தே வாங்கினால், ஒரு அளவு தடிமனாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'சுத்தமான காப்பர்' என்று சொல்லி இதைக் கொடுத்தால் அது மோசடி. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இழையின் மேல்பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை நிறம் தெரிந்தால் அது அசல் செம்பு இல்லை. ஈயம் பூசிய செம்பு வயரும் உண்டு, அது நேர் எதிர்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கையில் தூக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். அலுமினியம் எடை குறைவு.

சிவப்பு வெள்ளை கேபிளும் அந்த 'ம்ம்ம்' இரைச்சலும்

டி.வி., செட்டாப் பாக்ஸ், மொபைல் போன்றவற்றில் இருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. கேபிள், 3.5 மி.மீ. ஆக்ஸ் கேபிள் ஆகியவற்றில் போவது மிகச் சிறிய சிக்னல். இங்கே தடிமன் பெரிய விஷயம் இல்லை. வெளி இரைச்சல் உள்ளே நுழையாதபடி சுற்றிலும் ஒரு கம்பி வலை, அதாவது ஷீல்டு, சரியாக இருக்க வேண்டும். பின் இறுக்கமாக உட்கார வேண்டும். மிக மலிவான கேபிள்களில் இந்த இரண்டும் சொதப்பும். கேபிளை அசைத்தால் கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். நல்லபடியாகச் செய்த சாதாரண கேபிளே போதும்.

கேபிளை மாற்றியும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போகவில்லையா? அது பெரும்பாலும் கேபிளின் குறை இல்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி வருகிறது. இரண்டு கருவிகள் வெவ்வேறு பாயின்டில் இருந்து எர்த் எடுத்து, நடுவில் ஆடியோ கேபிளாலும் இணைந்தால், அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒலிக்குள் வந்துவிடும். இதைச் சரிசெய்ய:

• மொபைலில் பாட்டு ஓடுகிறது என்றால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.
• டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டில் இணையுங்கள்.
• கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அதன் வழியாகத்தான் வருகிறது.
• வசதி இருந்தால் டி.வி.யில் இருந்து ஆப்டிக்கல் கேபிள் போடுங்கள். அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. அதனால் இந்த இரைச்சல் அதன் வழியாக வர வாய்ப்பே இல்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பதும், எர்த் இல்லாத இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. இரைச்சல் போகலாம். ஆனால் கருவிக்குள் என்றாவது மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோகப் பெட்டி முழுவதும் கரன்ட் ஏறும். அதை முதலில் தொடுவது உங்கள் குழந்தையாகக்கூட இருக்கலாம். எதைச் செய்தும் இரைச்சல் போகவில்லை என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எச்.டி.எம்.ஐ.: வரும், இல்லையென்றால் வராது

எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் ஆப்டிக்கல் கேபிளிலும் போவது டிஜிட்டல் தகவல், அதாவது பூஜ்யமும் ஒன்றும்தான். ஆன்லைனில் ஒரு சான்றிதழின் பி.டி.எஃப். இறக்குகிறீர்கள். நெட் வேகமாக இருந்ததால் எழுத்து இன்னும் அழகாக வந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? இதுவும் அப்படித்தான். தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் 300 ரூபாய் கேபிளிலும் 5,000 ரூபாய் கேபிளிலும் வரும் ஒலி ஒன்றேதான். சரியாகப் போகவில்லை என்றால் அது தெளிவாகத் தெரியும்: படத்தில் புள்ளி புள்ளியாக மின்னும், ஒலி விட்டு விட்டு வரும், அல்லது எதுவுமே வராது. 'பேஸ் கொஞ்சம் கம்மி', 'குரல் கொஞ்சம் மங்கல்' என்ற மாதிரிக் குறைகள் டிஜிட்டல் கேபிளால் வருவதில்லை.

ஆனால் எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கும்போது வேகத்தின் வகையைப் பார்க்க வேண்டும். 4கே டி.வி.யில் வேகமான கேம்கள் ஆடுகிறவர்களுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று சான்று பெற்ற கேபிள் தேவைப்படலாம். அந்தப் பெட்டியின் மேல் ஒரு சான்று ஸ்டிக்கர் இருக்கும். அதை மொபைலில் எச்.டி.எம்.ஐ. கேபிள் சான்று சரிபார்ப்புக்கான செயலியால் ஸ்கேன் செய்து, அசல்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். நீளம் கூடக்கூட சிக்கலும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் நீளமாக வாங்காதீர்கள்.

கேபிளைக் குறை சொல்வதற்கு முன் டி.வி.யின் செட்டிங்ஸைப் பாருங்கள். சவுண்ட்பார் கேபிள், டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்கிறதா? டி.வி.யின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருந்தால், பல டி.வி.களில் 5.1 ஒலி வெறும் ஸ்டீரியோவாகச் சுருங்கிவிடும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றிப் பாருங்கள். காசே செலவில்லாமல் பின்பக்க ஸ்பீக்கர்கள் உயிர் பெறலாம்.

பெட்டி மேல் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா?

தங்க முலாம்: தங்கம் துருப்பிடிக்காது, கருக்காது. கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில் பின் நாள்பட உழைக்கும். அவ்வளவுதான். மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம் செம்பைவிடக் குறைவுதான்.

வெள்ளி வயர்: செம்பைவிட 6 சதவீதம் அளவுக்குத்தான் நன்றாகக் கடத்தும். செம்பு வயரைக் கொஞ்சம் தடிமனாக எடுத்தாலே அந்தப் பலன் கிடைத்துவிடும்.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு: சாதாரண மின்வயர்ச் செம்புக்கும் இதற்கும் கடத்துதிறனில் 1 சதவீதம் அளவுதான் வித்தியாசம்.

விலை உயர்ந்த பவர் கார்டு: மின்சாரம் மின்வாரிய லைனில் பல கிலோமீட்டர் வந்து, வீட்டு வயரிங் முழுக்கச் சுற்றி, சுவர் பிளக்குக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றினால் பாட்டு இனிக்கும் என்பதை நம்ப வேண்டியதில்லை. பவர் கார்டில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடாப்டரில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் அதையும் அங்கேயே சரிபார்க்கலாம். எண் போலி என்றால் புகாரும் அதே செயலியில் கொடுக்கலாம்.

"ஆனா எனக்கு வித்தியாசம் கேட்குதே!"

கேட்பவர் பொய் சொல்லவில்லை. அதிக விலை கொடுத்த பொருள் நன்றாக இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கும்போது, காதும் அப்படியே கேட்கும். எல்லோருக்கும் இது நடக்கும். அதோடு, கேபிளை மாற்றும்போது தளர்ந்திருந்த பழைய இணைப்பும் சேர்ந்து சரியாகிவிடுவது உண்டு. பெருமை புதுக் கேபிளுக்குப் போய்விடும்.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர், 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைக் காதால் மட்டும் அடையாளம் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். கடைசியில் அந்தச் சோதனை நடக்காமலே போய்விட்டது. ஆனால் அவர் கேட்ட மாதிரியான சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

1. பழைய கேபிள், புதிய கேபிள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டு, ஒரே வால்யூம்.
2. நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். வீட்டில் ஒருவர் ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்துவிட்டு, காசு சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் ஒரு கேபிள், தலை விழுந்தால் மற்றது என்று இணைக்கட்டும். அதே கேபிள் மறுபடி வந்தாலும் கழற்றி மாட்ட வேண்டும்.
3. இணைப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிட்டு, உங்களைக் கூப்பிடட்டும். கேட்டுவிட்டு எது என்று எழுதுங்கள்.
4. இப்படி 10 முறை.

குருட்டாம்போக்கில் சொன்னாலே 5 சரியாக வரும். 9 அல்லது 10 சரியாக வந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூறில் ஒன்றுதான். அப்படி வந்தால் வித்தியாசம் உண்மை. பழைய கேபிள் மெலிந்ததா, பழுதானதா என்று பாருங்கள். 5, 6 என்று வந்தால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் புதுக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால்தான் சோதனை முடியும் வரை பெட்டி, பில் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏமாந்தால் எங்கே சொல்வது?

புகார் கொடுக்கும் முன் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 'இனிமையான ஒலி' என்பது ஒரு கருத்து. அதை நிரூபிப்பது கடினம். '100 சதவீதம் காப்பர்', '1.5 சதுர மி.மீ.', '10 மீட்டர்', 'ஐ.எஸ்.ஐ. சான்று பெற்றது' என்பவை சோதித்துப் பார்க்கக்கூடிய உறுதிமொழிகள். இவை பொய்யானால் உங்கள் புகார் வலுவானது. ஆகவே வாங்கும்போதே இந்த விவரங்களை பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைன் என்றால் பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

• ஆன்லைன் வாங்கல்: முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

• 1915: தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண். தமிழிலேயே பேசலாம். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்க உதவுவார்கள். இது நீதிமன்றம் இல்லை. இங்கே தீரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

• நுகர்வோர் ஆணையம்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டில் இருந்தே மனு தாக்கல் செய்யலாம்.

• நீளம் குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை, பாக்கெட்டில் தயாரிப்பாளர் விவரம் இல்லை என்றால்: நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு இதைக் கவனிக்கிறது. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மிச்சப்படும் பணத்தை என்ன செய்வது?

நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஒலி எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி எதிரொலிக்கும். தரையில் ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். ஸ்பீக்கரை மூலையில் இருந்து கொஞ்சம் வெளியே எடுத்து, காது உயரத்துக்கு வையுங்கள். சிவப்பு வயர் சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். வயர் நுனியில் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது, ஆம்ப்ளிஃபையர் பழுதாகும். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்துவிடலாம். விலை உயர்ந்த கேபிள் எதுவும் கொடுக்க முடியாத வித்தியாசத்தை அன்றைக்கே கேட்பீர்கள்.